மாமாவின் சீமை வாத்துகள்

கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினால், அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். என் மகள் இதைத் தன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். இது நடுவில் வந்த பழக்கம் இல்லை. பிறக்கும்போதே கூட வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் பக்கத்தில் வளர்ந்தேன். ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நிறுத்தியது அம்மா. பள்ளிக்கூட வாசலில் தினமும் வாந்தி எடுக்கிற பிள்ளையை எத்தனை நாளைக்கு அனுப்புவது என்று கேட்டாள். பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கே சொல்ல வந்தது அதை இல்லை. அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் நடந்த ஒரு விஷயத்தை.

அப்பா லாரி டிரைவர். வேப்பூர் வழியாகப் போகும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து தலைகாட்டுவார். எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. என்னைத் தனியாக வீட்டில் விட அம்மாவுக்கு மனசில்லை. அதனால் விடுமுறை முழுக்கத் தான் வேலை செய்த பொம்மைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவுக்குப் பொம்மை துடைக்கிற வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பொம்மையின் பக்கவாட்டில் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்கிப் பலகையில் வைக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான்.

அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் டைனோசராக இருந்தது. பென்சில் டப்பாவில் டைனோசர், பனியனில் டைனோசர். எங்கள் கம்பெனிக்கும் டைனோசர் உண்டியல் கேட்டு ஆர்டர் வந்தது. முதலாளி ஒரு ஸ்கூல் பையைக் கொண்டுவந்து மேஸ்திரி முன்னால் வைத்து, இதைப் பார்த்துச் செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பையில் தலையும் உடம்பும் நன்றாகத் தெரிந்தன. கால் இருக்கவேண்டிய இடத்தில் ஜிப்பு ஓடியது. மேஸ்திரி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் வாட்ச்மேன் வீட்டுக் கோழியைப் பிடித்துக் கவிழ்த்துப் போட்டு, அதன் காலையே கொஞ்சம் பருமனாக்கி வைத்துவிட்டார். முதுகின் சொரசொரப்புக்குச் சுவரில் தொங்கிய கங்காதேவி காலண்டர் உதவியது. அம்மன் காலடியில் ஒரு முதலை படுத்திருக்கும். இப்படிக் கோழிக் காலும் முதலை முதுகுமாக எங்கள் டைனோசர் பிறந்தது. யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்கிற அளவுக்கு டைனோசரைத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் யாரும் இல்லை.

கம்பெனியில் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. உடம்பு சும்மா இருந்தது, மனசு இருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி சரிந்து அம்மா தலையில் விழுமோ, களிமண் கரைக்கிற பேரலின் பெல்ட்டில் யார் முந்தானையாவது மாட்டுமோ, சூளை வெடிக்குமோ என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு பயப்படுவேன். விடுமுறை தொடங்கிய புதிதில் ஒரு நாள் சூளைப் பக்கமிருந்து 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. "சூளை வெடிக்கப்போவுது, எல்லாரும் ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே நான் ஓட, என்னைப் பார்த்து நாலைந்து பெண்கள் ஓட, ஓடிய வேகத்தில் பலகைகள் சாய்ந்து அன்று காலையில் செய்த அத்தனை டைனோசரும் தரையில் விழுந்து சப்பையாகிவிட்டன. சூளைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், மேஸ்திரியின் சைக்கிள் ட்யூபிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி என்னை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னார்.

"ஏம்மா, பொண்ண உட்கார வைக்கிறேன்னு சொன்ன, சரின்னேன். இன்னொரு தரம் இது வாயத் தொறந்து கத்துச்சின்னா, நீயும் அதோட சேந்து வூட்லயே இருந்துக்க. முதலாளிக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

அம்மா தலையை ஆட்டினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில், "உனக்கு எது தோணுனாலும் வாய்க்குள்ளயே வச்சிக்க. வேல போச்சின்னா சோறு இல்ல, பாத்துக்க," என்றாள். அதற்குப் பிறகு எனக்கு இருந்த பயங்களோடு அம்மாவின் வேலை போய்விடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியதாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமா முட்டைகளைக் கொண்டுவந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அதே கம்பெனிக்கு டிராக்டர் ஓட்டினார். விறகு, மண், ஆற்று மணல் எல்லாம் அவர் வண்டியில்தான் வரும். வண்டி ஓட்டுகிற நேரம் போக மீதி நேரத்தில் முன்னுக்கு வருவது எப்படி என்று யோசிப்பார். முன்பு வெள்ளை முயல் வளர்த்தார். அவை பக்கத்து வீட்டுச் சுவருக்கு அடியில் குழி பறித்துச் சுவரைச் சாய்த்தன. அப்புறம் கூண்டில் குருவி வளர்த்தார், பூனை தின்றுவிட்டது. "இனிமே ஒரு உசுரு இந்த வூட்டுக்குள்ள வந்துச்சி, நீ வெளிய போயிடுவ," என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றில் மணல் அள்ளும்போது கரை ஓரத்தில் மண்வெட்டிக்குக் கீழே முட்டைகள் தெரிந்தனவாம். கோழி முட்டையைவிடப் பெரிது. வெள்ளை வெளேரென்று நீளமாக இருந்தன. துண்டில் சுற்றி, மணலோடு அள்ளி, வண்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

"சீமை வாத்து முட்டை, பாப்பா," என்று என் காதோடு சொன்னார். "பங்களாவுல எல்லாம் காவலுக்கு வளப்பாங்கள்ல, கழுத்து நீட்டிக்கினு தொரத்துமே, அது. நாய்னா சோறு போடணும். இது புல்லு தின்னுட்டுக் காவல் காக்கும். வளத்து வித்தா கம்பெனிக்காரங்களே வாங்கிக்குவாங்க."

"வாத்து மண்ணுக்குள்ளயா மாமா முட்டையிடும்?"

"சீமை வாத்துடி. அதுக்கு வேற பழக்கம்."

அடைக்கு வைக்கக் கோழி இல்லை. வாட்ச்மேன் வீட்டுக் கோழி அப்போதுதான் குஞ்சு பொரித்து, குஞ்சுகளோடு கம்பெனி முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் மாமா சூளைச் சுவரை நம்பினார். எங்கள் கம்பெனியில் இரண்டு சூளைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். ஒன்று எரியும்போது இன்னொன்றில் பொம்மை அடுக்குவார்கள். ஓரமாக நீண்டிருக்கும் சுவர்த் திட்டு எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கும். பெண்கள் மத்தியானச் சோற்றை அங்கேதான் வைப்பார்கள். மழைக்காலத்தில் இட்லி மாவு புளிக்கவில்லை என்றால் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து குண்டான் குண்டானாக அங்கே வந்துவிடும். மாவைப் புளிக்க வைக்கிற சூடு முட்டையைப் பொரிக்க வைக்காதா என்பது மாமாவின் கணக்கு.

சூளைக்குள் தீ நேராகப் படாமல் இருக்க, பொம்மைகளை மூடி போட்ட கெட்டியான மண்பெட்டிகளில் அடுக்கித்தான் உள்ளே வைப்பார்கள். சாகர் என்போம். வட்டமாக, ஒரு குண்டான் அளவு இருக்கும். மாமா ஒரு பழைய சாகரில் பாதி மணல் போட்டு, முட்டைகளை வைத்து, மேலே மணல் தூவி, ஓரத்தில் உடைந்த மூடியால் மூடித் திட்டின் கடைசியில் வைத்தார். நான் தினமும் உட்காருகிற இடம் அந்தத் திட்டுக்குப் பக்கத்தில்தான். காலையிலும் சாயங்காலமும் மணலில் தண்ணீர் தெளிப்பது என் வேலை. யாரிடமும் சொல்லக் கூடாது. முதல் வாத்து எனக்கு.

இப்படி ஒரு ரகசியத்தை ஒப்படைக்க என்னைவிட மோசமான ஆள் விருத்தாசலத்தில் இருந்திருக்க முடியாது. தண்ணீர் கூடிப்போனால் முட்டை அழுகிவிடும், குறைந்தால் வெந்துவிடும் என்று இரண்டு பக்கமும் பயந்தேன். ஆள் இல்லாத நேரம் மூடியைத் தூக்கி மணலில் காதை வைத்துக் கேட்பேன். எங்கள் வீட்டுக் கோழி முன்பு அடைகாத்தபோது, பொரிப்பதற்கு முந்தின நாளே முட்டைக்குள் குஞ்சு கத்துவதையும், கோழி மெல்ல 'கொக்' என்று பதில் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஓட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அவை பேசிக்கொள்ளும். இந்த முட்டைகளோடு பேச யாரும் இல்லையே என்பது ஒரு கவலை. ஆள் இல்லாதபோது நானே "கொக், கொக்" என்று சொல்லிப் பார்ப்பேன். பதில் வராது.

ஒரு வாரம் போயிருக்கும். அன்று மாமா காலையிலேயே விறகு ஏற்ற டிராக்டரோடு போய்விட்டார். திட்டை ஒட்டிய சூளையில் டைனோசர் சாகர்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண் மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்குகிறவர் ஒருவர்தான், வாட்டசாட்டமான ஆள். நான் தெளிக்கத் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனேன். அங்கே கூட்டம். சொம்போடு திரும்பி வந்தபோது திட்டின் கடைசியில் சாகரைக் காணோம். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஈரம் மட்டும் இருந்தது.

விஷயம் எளிது. கடைசித் தூணை அடுக்கும்போது நடுவில் ஒரு சாகர் குறைந்திருக்கிறது. திட்டில் கனமாக, மூடி போட்டு ஒன்று இருக்கிறது. அடுக்குகிறவர் எடுத்து வைத்துவிட்டார். மேஸ்திரி சூளை வாசலைச் செங்கல் வைத்து, சேறு பூசி அடைக்கத் தொடங்கிவிட்டார். முழங்கால் உயரத்துக்குச் சுவர் வந்துவிட்டது. பக்கத்தில் தட்டில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் தயாராக இருந்தன. வாசல் அடைத்ததும் கற்பூரம் காட்டித் தீ மூட்டுவார்கள்.

நான் அம்மாவிடம் ஓடினேன். அம்மா மடியில் ஒரு டைனோசரை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சூளைக்குள்ள..."

"வேணாம்."

"இல்லம்மா, மாமா வச்ச..."

"ஒன்னும் சொல்லாத. இன்னிக்கி முதலாளி வந்திருக்காரு. வாயத் தொறக்காத."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் திரும்பிச் சூளை வாசலுக்கே வந்தேன். மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஒரு செங்கல், ஒரு கை சேறு. இன்னொரு செங்கல், இன்னொரு கை சேறு. சொன்னால் அம்மாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் வாத்துக் குஞ்சுகள் உள்ளே வெந்து போகும்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. 'கெவ்.' கொஞ்சம் விட்டு மறுபடி, 'கெவ், கெவ்.' கோழிக்குஞ்சு சத்தம் மாதிரியேதான். ஆனால் ஜலதோஷம் பிடித்த கோழிக்குஞ்சு.

"உள்ள உசுரு இருக்குது! கத்துது! மூடாதீங்க!"

நான் கத்தியது கம்பெனி முழுக்கக் கேட்டது. எல்லாப் பெண்களும் கையில் இருந்ததை அப்படியே கீழே வைத்தார்கள். முன்பு பட்டது போதும் என்று இந்தத் தடவை யாரும் ஓடவில்லை. அம்மா மட்டும் ஓடி வந்தாள். பின்னாலிருந்து என் வாயைப் பொத்தினாள். கை முழுக்கக் களிமண். உதட்டில் மண் ருசி.

மேஸ்திரி எழுந்து நின்றார். "ஏம்மா, நான் சொன்னேனா இல்லியா?"

"தெரியாம கத்திடுச்சிங்க. புள்ள..."

"புள்ளயா இது? சங்கு. மில்லு சங்கு. அதாவது பன்னெண்டு மணிக்குத்தான் ஊதும், இது பத்து மணிக்கும் ஊதும்."

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி மேலே என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. மணல் குவியலில் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்த வாட்ச்மேன் வீட்டுக் கோழி தலையைத் தூக்கியது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தது. பிறகு குஞ்சுகளை அப்படியே விட்டுவிட்டு, இறகெல்லாம் சிலிர்த்து உருண்டையாகி, எங்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து ஓடி, மேஸ்திரி கட்டிய சுவரைத் தாண்டிச் சூளைக்குள் குதித்தது.

"அட, இது எங்க போவுது? புடி, புடி!"

அடுக்குகிறவர் சுவரைத் தாண்டி உள்ளே போனார். கோழி பிடிபடவில்லை. கடைசித் தூணுக்குக் கீழே நின்றுகொண்டு, மேலே பார்த்து, 'கொக், கொக்' என்று குஞ்சைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டது. மேலேயிருந்து 'கெவ்' என்றது. கோழி 'கொக்' என்றது. மேலேயிருந்து 'கெவ், கெவ்.'

அடுக்குகிறவர் வெளியே தலையை நீட்டினார். "மேஸ்திரி, நெசமாலுமே உள்ள குஞ்சு கத்துது. சாகருக்குள்ள வுழுந்து மாட்டிக்கிச்சி போல."

மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. அவருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் உண்டு. உயிரோடு ஏதாவது சூளையில் மாட்டி எரிந்தால் அந்தச் சூளைப் பொம்மை மொத்தமும் கறுத்து வெடித்துப் போகும் என்பார். ஒவ்வொரு தடவையும் எலுமிச்சம்பழம் வைப்பது அதற்காகத்தான். தான் வைத்த செங்கற்களைத் தானே காலால் தள்ளினார். "எறக்கு. எல்லாத்தையும் எறக்கு."

நான் அதைத்தான் சொன்னேன் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அம்மாவின் கை இன்னும் என் வாய்மேல்தான் இருந்தது.

சாகர்களை இறக்கி மூடியைத் திறந்தார்கள். முதலாவதில் டைனோசர். இரண்டாவதில் டைனோசர். மூன்றாவதன் மூடியை அடுக்குகிறவர் தூக்கினார். மணலுக்குள்ளிருந்து, விரல் நீளத்துக்கு ஒரு மூக்கு, சொரசொர முதுகு, நீண்ட வால் என்று ஒன்று மெல்ல வெளியே வந்து, அவரைப் பார்த்து வாயைத் திறந்தது.

"பொம்மைக்கு உசுரு வந்துடுச்சிடோய்!"

மூடியைப் போட்டுவிட்டு ஓடினார். மூடி நாலாக உடைந்தது. அதற்குள் இன்னும் இரண்டு மூன்று மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. பல்லி என்றார் ஒருவர். உடும்புக் குட்டி என்றார் இன்னொருவர். மேஸ்திரி குனிந்து, தான் செய்த டைனோசரையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "முதலடா," என்றார். விரலை நீட்டினார். அது கடித்தது. சின்னப் பல்தான், ஆனாலும் ரத்தம் வந்தது.

கோழி சாகருக்குப் பக்கத்தில் வந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தது. ஒன்றின் முதுகில் லேசாகக் கொத்தியது. அது 'கெவ்' என்றதும் ஒரு அடி பின்னால் போய், சிலிர்த்த இறகை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு, தன் குஞ்சுகளைத் தேடி மணல் குவியலுக்கே போய்விட்டது.

மாமா விறகோடு வந்து சேர்ந்தபோது எல்லாரும் சாகரைச் சுற்றி நின்றார்கள். மேஸ்திரிக்கு அதற்குள் நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். கட்டுப் போட்ட விரலை ஆட்டிக்கொண்டு அவர் வரவேற்றார்.

"வா மாப்ள. ஒன் சீமை வாத்து பொரிச்சிடுச்சி. என்னா, கொஞ்சம் பல்லு மொளச்சிருக்குது."

மாமா எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "காவலுக்கு இது இன்னும் நல்லதாச்சே," என்றார். யாரும் சிரிக்காததால் அம்மாவே அவர் தலையில் ஒரு அடி வைத்தாள்.

அடித்துக் கொன்றுவிடலாம் என்றார் அடுக்குகிறவர். சர்க்கஸ்காரர்கள் வாங்குவார்கள் என்று மாமா மெல்ல ஆரம்பித்தார். அம்மா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எங்கேருந்து எடுத்தியோ அங்கயே கொண்டு போயி வுடு. நானும் வரேன். உன்ன நம்ப முடியாது." மேஸ்திரி தலையாட்டினார். அம்மாவின் வேலையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. எனக்கும் யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. "அந்தக் கோழி மட்டும் இல்லன்னா சூளையே போயிருக்கும்," என்று மேஸ்திரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ரொம்ப நாள் வரை அந்தக் கோழிக்குக் கம்பெனியில் மத்தியானம் கைப்பிடிச் சோறு கிடைத்தது.

மத்தியானமே கிளம்பினோம். பழைய பெயிண்டு வாளியில் மணலும், பொரித்த முதலைகளும், பொரிக்காத முட்டைகளும். மேலே ஈரத்துணி கட்டியிருந்தது. பஸ்ஸில் மாமா வாளியை மடியில் வைத்திருந்தார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் துணியைத் தொடப்போனார்.

"வாளியில என்னா?"

"பொம்மைங்க," என்றாள் அம்மா. "செராமிக் பொம்மை."

'கெவ்' என்றது வாளி.

"பொம்ம கத்துதே?"

"ஊதுற பொம்ம சார்," என்றார் மாமா. "உள்ள விசில் வச்சிருக்குது. புது மாடலு."

கண்டக்டர் மாமாவை ஒருதரம் பார்த்தார், வாளியை ஒருதரம் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். கம்மாபுரம் தாண்டும்வரை அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

சேத்தியாத்தோப்பில் இறங்கி ஆற்றோரமாக நடந்தோம். கோடையில் வெள்ளாற்றில் மணல்தான் அதிகம். வளைவில் மட்டும் ஒரு ஆழமான மடு, தண்ணீர் பச்சையாக, அசையாமல் நின்றது. மாமா மணல் அள்ளிய இடத்தைக் காட்டினார். பக்கத்தில் மணல் முழுக்கக் கிளறிக் கிடந்தது. நாய் தோண்டியிருக்கும் என்றார் மாமா. நாய் இத்தனை இடத்தில், இத்தனை ஆழத்துக்குத் தோண்டுமா என்று எனக்கு ஒரு கேள்வி. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அம்மா வாளியைத் தண்ணீரை ஒட்டிச் சாய்த்தாள். முதலைக் குஞ்சுகள் மணலில் இறங்கின. தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே நின்று, எல்லாம் சேர்ந்து 'கெவ், கெவ்' என்று கத்தின.

மடுவின் நடுவில் தண்ணீர் உப்பியது.

"அக்கா, மேல ஏறு!" என்று கத்தினார் மாமா. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைமேல் ஓடினாள். திரும்பிப் பார்த்தோம். மாட்டு வண்டி நீளம் இருக்கும், அந்த முதலை தண்ணீரிலிருந்து வெளியே வந்து மணலில் தலையை வைத்தது. எங்களைப் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்தது. உள்ளே மஞ்சளாக இருந்தது. பல் தெரிந்தது. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு குஞ்சைக் கவ்வியது. அடுத்ததையும். அதற்கு அடுத்ததையும். பொரிக்காமல் கிடந்த ஒரு முட்டையையும் வாயில் எடுத்து உருட்டியது. தாடைக்குக் கீழே தொளதொளவென்று தொங்கிய தோல் புடைத்தது. பிறகு அவசரமே இல்லாமல் பின்னால் நகர்ந்து தண்ணீருக்குள் இறங்கியது. கத்துகிற சத்தம் நின்றுவிட்டது.

"தின்னுடுச்சிக்கா," என்றார் மாமா. "பெத்ததே தின்னுடுச்சி."

நான் அழுதேன். சூளையிலிருந்து காப்பாற்றி, இவ்வளவு தூரம் கொண்டுவந்து, அதன் வாயிலேயே கொடுத்தோமே என்று அழுதேன். அம்மா வாளியைக்கூட எடுக்காமல் என்னை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

ரொம்ப காலம் கழித்து, என் மகள் ப்ளஸ் டூ படிக்கும்போது, இந்தக் கதையைச் சொன்னேன். அவள் எங்கேயோ படித்திருக்கிறாள். முதலை தன் குஞ்சுகளை வாயில் வைத்துத்தான் தண்ணீருக்குக் கொண்டு போகுமாம். முட்டை உடையாமல் நின்றால் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து மெல்ல நசுக்கி உடைத்து விடுமாம். எருமையின் எலும்பை முறிக்கிற வாய்தான், ஆனால் குஞ்சுமேல் பல் படாதாம்.

கோழி ஓடிவந்ததைச் சொன்னபோதும் அவள் ஆச்சரியப்படவில்லை. "வராம என்னம்மா? டைனோசர், முதலை, பறவை மூணும் ஒரே பழைய வம்சம். கோழிக்குப் பல்லி தூரத்துச் சொந்தம். முதலைதான் கிட்டத்துப் பங்காளி. ரெண்டும் முட்டைக்குள்ளேருந்தே அம்மாவக் கூப்பிடும்," என்றாள். அப்படியென்றால் அன்றைக்குச் சூளை வாசலில் மூன்று வீட்டுப் பங்காளிகளும் ஒன்றாகக் கூடியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் சரியாக அடையாளம் தெரியாமல், எங்களுக்கும் தெரியாமல், கலைந்து போய்விட்டார்கள். மகளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. எனக்கு அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மா அப்போது இல்லை.

அன்று திரும்பி வந்த பஸ்ஸில் நல்ல கூட்டம். மாமா பின்னால் எங்கேயோ நின்றார். எனக்கு அம்மா மடியை ஒட்டி இடம் கிடைத்தது. கரையில் பிடித்த மணிக்கட்டை அம்மா இன்னும் விடவில்லை. வலித்தது. மெல்ல உருவப் பார்த்தேன். தூக்கத்தில் இருக்கிறவள் மாதிரி கண்ணை மூடியிருந்தவள், பிடியை இன்னும் இறுக்கினாள். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றி அவள் விரல்கள் வரிசையாகச் சிவந்து பதிந்திருந்தன.

"கடிச்ச மாதிரி இருக்குதும்மா," என்றேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். வாயால் ஊதிவிட்டாள். பிறகு, ரோட்டைத் தாண்டும்போது, மறுபடி அதே கையை அதே இடத்தில் பிடித்துக்கொண்டாள். நான் அவள் கூடவே நடந்தேன், பெற்ற பிள்ளைகளைத் தின்ற அந்த முதலையை நினைத்துக்கொண்டு.